டொக்கு லென்ஸ்

சின்னவளிடம் ஐந்து லென்ஸ்கள் இருந்தன. அவற்றில் ஒழுங்காக வேலை செய்தது ஒன்றே ஒன்று. மற்ற நான்கையும் யாரோ நைசாக இவள் தலையில் கட்டிவிட்டார்கள், இவளும் பல்லெல்லாம் தெரிய வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள் என்பது அக்காவின் தீர்ப்பு. அக்கா தீர்ப்பு சொன்னால் மேல்முறையீடு கிடையாது.

ஐம்பத்தொரு வயதாகியும் அவள் சின்னவள்தான். பெரியவள் ஒருத்தி தலைக்கு மேல் இருக்கும்போது வேறு என்னவாக முடியும்? வெளியில் அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். காலையிலிருந்து சாயங்காலம் வரை "மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க, அசையாதீங்க, ம்... விடலாம்" என்று சொல்லிச் சொல்லி, வீட்டில் யாருக்காவது விக்கல் எடுத்தால்கூட அதே குரலில் அதையே சொல்வாள். ஆஸ்பத்திரியில் ஃபிலிம் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கவில்லை. இனிமேல் இதெல்லாம் வேண்டாம்தானே என்று கேட்டு, ஃபிலிம் கழுவும் தட்டுகளையும் சிவப்பு விளக்கையும் ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். அக்கா வீட்டு மாடி அறைதான் அவள் குடியிருப்பு. அந்த அறையின் குளியலறை அன்றிலிருந்து பாதி நாள் குளிக்க, பாதி நாள் படம் கழுவ.

லென்ஸ்களுக்கு அவள் பேர் வைத்திருந்தாள். ஒழுங்கானதன் பேர் நல்லபிள்ளை. அடுத்தது மஞ்சக்காமாலை, வயதாகி அதன் கண்ணாடியே மஞ்சளாகிவிட்டது. மூன்றாவது, உலகத்தில் எல்லா லென்ஸும் இடப்பக்கம் திரும்பினால் தான் மட்டும் வலப்பக்கம் திரும்பும் ஜாதி, ஆகவே எதிர்க்கட்சி. நான்காவதில் நடுவே இருக்கிற ஆள் தெளிவாக விழுவார், சுற்றியுள்ள மரம் மட்டை எல்லாம் சுழன்று அடிக்கும், அது தலைசுத்தி. ஐந்தாவதுதான் டொக்கு.

டொக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் கதை நடக்காது. நல்லபிள்ளை மாதிரி லென்ஸ்களில், வெளிச்சம் நுழையும் துவாரத்தைப் படம் எடுக்கிற நொடியில் காமிராவே சுருக்கிக்கொள்ளும். டொக்குக்கு அந்தச் சூட்சுமமெல்லாம் தெரியாது. முதலில் துவாரத்தை முழுக்கத் திறந்து வைத்துக் குறி பார்க்க வேண்டும், பிறகு ஞாபகமாக முன்னால் இருக்கும் வளையத்தைத் திருகி, கையாலேயே சுருக்க வேண்டும், அதற்கப்புறம்தான் பொத்தான். வளையத்தைத் திருகாமல் பொத்தானை அழுத்தினால் படம் பொசுங்கிப் போகும். இதில் கூடுதல் அழகு, உள்ளே எந்தக் காலத்திலோ ஒரு ஸ்பிரிங் கழன்று கிடந்தது. அதனால் வளையத்தைச் சுருக்கத் திருகும்போதெல்லாம் பெட்டிப் பூட்டு விழுகிற மாதிரி 'டொக்' என்று ஒரு சத்தம். காமிரா படம் எடுக்கும் சத்தம் அதற்கு முன்னால் வெறும் கொசு. அக்கா அந்த லென்ஸை ஒரு வருஷம் பால் கணக்கு நோட்டின் மேல் பாரமாக வைத்திருந்தாள், சின்னவள் கண்டுபிடித்துப் பிடுங்கும் வரைக்கும்.

இனி அத்தான்.

அத்தான் பம்ப் செய்கிற ஒரு பட்டறையில் முப்பத்திரண்டு வருஷமாகச் செக்கர். கடைந்து வருகிற ஒவ்வொரு உருளையும் அவர் கண்ணைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்று சும்மா சொல்வோமே, அவர் நிஜமாகவே அப்படிப் பார்ப்பவர். அளவு கருவியை எடுக்கும் முன்பே, "இதுல ஒரு மயிரிழை கூடுதலா இருக்கே" என்பார். கருவியும் ஆமாம் சாமி போடும்.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு ஒரு படத்தில்கூடக் கண் திறந்து கிடையாது. கல்யாணப் படத்தில் அக்கா ஜம்மென்று நிற்கிறாள், பக்கத்தில் மாப்பிள்ளை நின்றபடியே தூங்குகிறார். பட்டறை அடையாள அட்டையில் தூக்கம். குடும்பப் படங்களில் வரிசையாகத் தூக்கம். காரணம் இல்லாமல் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கடைசல் இயந்திரத்திலிருந்து 'க்ளிக்' என்று தெறித்த ஓர் இரும்புச் சில்லு அவர் இமையைக் கிழித்துவிட்டுப் போனது. கண் பிழைத்தது. ஆனால் அன்றிலிருந்து அந்த மாதிரிச் சத்தம் வரப்போகிறது என்று தெரிந்தாலே இமை தானாக விழுந்துவிடும். சத்தம் போடாத போனில் எடுத்துப் பார்த்தார்கள். எடுப்பவர் விரலைக் கவனித்து மூடிக்கொண்டது. படபடவென்று இருபது படம் தொடர்ந்து எடுத்தார்கள். சத்தம் ஓயும் வரை இறுக்கி மூடிக்கொண்டு, ஓய்ந்தபின் ஜோராகத் திறந்தது.

சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான், பட்டறைக்காரர்கள் அவருக்குத் 'தூங்கி' என்று பேர் வைக்காமல் இருந்திருந்தால். பேர் வைத்தவர் கேட்டில் நிற்கும் காவலாளி. தினமும் அட்டையைப் பார்த்துவிட்டு, "எழுந்தாச்சா?" என்பார். அதுவும் போகட்டும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஃபோர்மேன் பதவிக்கு ஆள் பார்த்தபோது, அப்போதுதான் வந்திருந்த மேனேஜர் ஃபைலைப் புரட்டி, ஒட்டியிருந்த படத்தைப் பார்த்து, "இவரை எழுப்பி வேலை வாங்க இன்னொரு ஆள் போடணுமே" என்று சொல்லிச் சிரித்தார். வேலை வேறு ஒருவருக்குப் போயிற்று. அத்தான் அதை வீட்டில் ஒரே ஒரு தடவை சொன்னார். அப்புறம் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. எடுக்காததினாலேயே சின்னவளுக்கு அது மறக்கவே இல்லை.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். முப்பது வருஷம் முடித்து ஓய்வு பெறுகிறவர் படத்தைக் கேட்டுக்கு உள்ளே, எல்லோரும் வந்து போகும் சுவரில் மாட்டுவார்கள். எல்லாம் கறுப்பு வெள்ளை, எல்லாம் நேருக்கு நேர் பார்க்கும் முகம், ஒரே அளவுச் சட்டம். இருபத்துமூன்று பேர் மேலே இருந்தார்கள். கடைசி நாளில் அவருக்குப் பக்கத்து மேஜைக்காரர் படத்தை மாட்டுவார்; படம் சுவரில் ஏறும் வரை அதில் இருப்பவர் அதைப் பார்க்கக் கூடாது. அத்தானுக்கு வரும் வெள்ளிக்கிழமை கடைசி நாள். இருபத்துநான்காவது ஆணி ஏற்கெனவே அடித்தாயிற்று.

பட்டறை ஏற்பாடு செய்த போட்டோக்காரர் வந்து நாற்பது படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சலித்துப்போனார். கவலைப்படாதீர்கள், கண்ணை வேறு இடத்திலிருந்து எடுத்து ஒட்டிவிடலாம் என்றார். ஒட்டியும் அனுப்பினார். யார் வீட்டுக் கண்ணோ! அத்தான் திருட்டுப் பூனை மாதிரி முழித்துக்கொண்டிருந்தார். அக்கா அதைக் கையில் வாங்கி, "யாருடி இந்த ஆளு?" என்று சின்னவளைக் கேட்டாள். அத்தான் அதை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"வெறும் ஆணியே போதும்னு சொல்லிடறேன்," என்றார். "பேரை மட்டும் எழுதிக் கீழ வைக்கட்டும். தூங்குறவனா செவுத்துல தொங்குறதுக்கு இது மேல்."

சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். சின்னவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் கண்ணால் உழைத்த மனுஷனுக்குச் சுவரில் ஒரு ஆணியா? அவளுக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சுவரையே எக்ஸ்ரே எடுத்திருப்பாள்.

ஒரு ரோல், ஒரே ஒரு ரோல் என்று கெஞ்சினாள். அத்தான் லேசில் பிடி கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்: முப்பத்தாறு படம் தீர்ந்ததும் யாரும் இதைப் பற்றி மூச்சு விடக் கூடாது, ஆணி என்றால் ஆணிதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாடி அறை ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டாள். வெளிச்சம் பக்கவாட்டில் அருமையாக விழுந்தது. அத்தான் வேலைக்குப் போகிற சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவர் மாதிரி முழங்கால் மேல் கையை வைத்து உட்கார்ந்தார். காமிராவை முக்காலியில் ஏற்றி, நல்லபிள்ளையை மாட்டி ஆரம்பித்தாள்.

முதல் படம், கண் மூடியிருந்தது. இரண்டாவதும் அப்படியே. பத்தாவதில் ஒரு கண் மட்டும் பாதி திறந்திருந்ததாகத் தோன்றியது, அது இன்னும் கேவலம். சின்னவள் ஜோக் சொன்னாள், பேச்சுக் கொடுத்தாள், ஒன்று இரண்டு மூன்று சொல்லி இரண்டிலேயே அழுத்தினாள். இமைகளை ஏமாற்ற முடியவில்லை. இருபது படம் போனது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் லென்ஸை மாற்றினாள். எதிர்க்கட்சியை வைத்து ஏழு படம். அது பழக்கதோஷத்தில் தப்பான பக்கம் திரும்பி, கண்ணோடு சேர்த்து முகமும் கலங்கியது. அக்கா டீயோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கிழிஞ்சுது போ," என்று இறங்கிப் போனாள்.

இருபத்தெட்டில் டொக்கை மாட்டினாள். நம்பிக்கையில் இல்லை, வீம்பில். கோபத்திலும் அவசரத்திலும் அந்த லென்ஸ்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தாள்: வளையத்தைத் திருக மறந்து, துவாரம் முழுக்கத் திறந்தபடியே ஆறு படம் எடுத்துத் தள்ளினாள். ஆறும் பொசுங்கியது. ஞாபகம் வந்தபோது எண்ணிக்கை முள் முப்பத்துமூன்றில் நின்றது. மிச்சம் மூன்று. அவளுக்குத் தன்னையே ஒரு அறை விடலாம் போல இருந்தது.

அத்தான் அப்போதும் அதே விறைப்பில்தான் உட்கார்ந்திருந்தார், அடுத்ததற்குத் தயாராக. அவள் பொத்தான் மேல் விரலை வைத்தாள். அடடா, வளையம் என்று விரலை எடுத்து வளையத்தைத் திருகினாள்.

டொக்.

பார்க்கும் கண்ணாடி இருட்டியது; டொக்கின் துவாரம் சுருங்கினால் அப்படித்தான், உள்ளே ஒன்றும் தெரியாது. சரியாகத் திருகினோமா என்று பார்க்கத் தலையைக் காமிராவிலிருந்து தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அத்தான் கண்ணைத் திறந்துகொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் இறங்கியிருந்தது. நெற்றிச் சுருக்கம் போயிருந்தது. "என்ன, முடிஞ்சுதா?" என்று வேறு கேட்டார்.

அவருடைய இமைகள் டொக்கைக் கேட்டதும் விழுந்து, வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டிருந்தன! படமே இன்னும் எடுக்கவில்லை என்று அவற்றுக்குத் தெரியாது. முப்பத்திரண்டு வருஷமாக ஊரையே ஏமாற்றிய இமைகளை ஒரு கழன்ற ஸ்பிரிங் ஏமாற்றிவிட்டது. சின்னவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வந்த நேரத்தில் பொத்தானை அழுத்தியிருக்கலாம். எங்கே, கை மரத்துப்போய்விட்டதே!

வாயைத் திறக்கக் கூடாது என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது. சொல்லிவிட்டால் இமைகள் உஷாராகிவிடும். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம்தான் அத்தான் என்று மறுபடி துவாரத்தைத் திறந்து குறி பார்த்தாள். டொக். ஆத்திர அவசரத்தில் உடனே அழுத்திவிட்டாள். சீக்கிரம். இமை இன்னும் எழவில்லை. முப்பத்துநான்கு போச்சு.

அடுத்து டொக் என்றதும் நிதானமாக மனசுக்குள் ஒன்று எண்ணினாள். கண் திறந்தது, கூடவே தலையும் திரும்பியது. வேலை முடிந்ததென்று அவர் படிக்கட்டுப் பக்கம் பார்த்து, இன்னொரு டீ கிடைக்குமா என்று அக்காவுக்குக் குரல் கொடுத்தார். அழுத்திய விரல் அழுத்தியதுதான். முப்பத்தைந்தில் அத்தானின் காது ரொம்பத் தெளிவாக விழுந்திருக்கும்.

மிச்சம் ஒன்று.

சின்னவள் உள்ளங்கை வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். கண் திறக்க வேண்டும், சரி. திறந்த கண் தன்னைப் பார்க்கவும் வேண்டுமே. எக்ஸ்ரே எடுக்க வருகிறவர்கள் எப்போது தன்னைப் பார்ப்பார்கள் என்று யோசித்தாள். மூச்சைப் பிடிக்கும்போது கூரையைப் பார்ப்பார்கள், தரையைப் பார்ப்பார்கள். 'விடலாம்' என்று சொன்ன அந்த நொடியில் ஒருவர் பாக்கியில்லாமல் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள், எல்லாம் நல்லபடியா என்று கேட்கிற மாதிரி. பல வருஷமாகத் தினம் அறுபது தடவை பார்த்தது, இன்றைக்குத்தான் உறைத்தது.

குறி பார்த்தாள். தலையைத் தூக்கி, முகத்தை லென்ஸுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். எக்ஸ்ரே அறைக் குரலில் சொன்னாள்: "மூச்சை நல்லா இழுங்க அத்தான். அப்படியே பிடிங்க. அசையாதீங்க."

டொக்.

"ம்... விடலாம்."

அத்தான் மூச்சை விட்டார். கண்ணைத் திறந்து அவளை நேராகப் பார்த்தார். அவள் அழுத்தினாள்.

அந்தச் சத்தம் கேட்டு இமைகள் அவசர அவசரமாக விழுந்தன. விழட்டும்! பந்தி முடிந்து இலை எடுத்தபிறகு வந்து உட்கார்ந்த கதைதான். இது என்ன சத்தம் என்று அத்தான் சந்தேகமாகக் கேட்டார். ஃபிலிமைச் சுற்றினேன் என்று கூசாமல் பொய் சொன்னாள். ரோல் தீர்ந்தது என்று காட்டினாள். அவர் எழுந்து சட்டையை நீவிக்கொண்டு, சொன்ன வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள் என்பதுபோல் ஒரு விரலைக் காட்டிவிட்டு இறங்கிப் போனார்.

பிற்பகல் முழுக்கக் குளியலறை சாத்தியிருந்தது. கழுவிய ஃபிலிமை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். இருபத்தேழு வரை வரிசையாகத் தூக்கம், அப்புறம் கரிக்கட்டையாக ஆறு. முப்பத்துநான்கு தூக்கம். முப்பத்தைந்து, காது. கடைசிப் படத்தில், கறுப்பும் வெள்ளையும் இடம் மாறிய அந்தக் கறுப்பு முகத்தில், இரண்டு கருவிழிகளும் வெள்ளை வெளேரென்று அவளையே பார்த்தன. அவள் ஈரக் கையோடு அங்கேயே ஒரு குதி குதித்தாள். தட்டு சரிந்து மருந்து காலில் கொட்டியது. அதனால் என்ன!

பெரிய தாளில் அச்செடுத்து உலர்ந்ததும் அக்காவை மட்டும் மேலே கூப்பிட்டுக் காட்டினாள். அக்கா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"இந்தப் பார்வை எனக்கு மட்டும்தான்டி தெரியும்," என்றாள் கடைசியில். "வேற யாருக்கும் காட்ட முடியலையேன்னு எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா." பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, எந்த லென்ஸ் என்று கேட்டாள். சின்னவள் சொன்னாள். அக்கா டொக்கை எடுத்து, இத்தனை நாள் நோட்டின் மேல் கிடந்ததற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி, ஒரு மெத்தென்ற துணியால் துடைத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு இயந்திரங்களை நிறுத்தினார்கள். அவை நின்றதும் பட்டறையில் குண்டூசி விழுந்தால் கேட்கும். சுவருக்கு முன்னால் எல்லோரும் கூடினார்கள். குடும்பத்துக்கென்று அக்காவும் சின்னவளும். அத்தான் வழக்கப்படி சுவருக்கு முதுகைக் காட்டி நின்றார். வெறும் பேர்ப்பலகைதான் ஏறப்போகிறது என்று அவர் நினைப்பு. சின்னவள் படத்தை முன்பே கொடுத்துவைத்திருந்த பக்கத்து மேஜைக்காரர் ரகசியத்தைக் காப்பாற்றியிருந்தார். துணி சுற்றிய சட்டத்தை எடுத்து ஆணியில் மாட்டித் துணியை உருவினார்.

யாரும் கை தட்டவில்லை. அத்தான் தலை குனிந்தார். சிரிப்பை அடக்குகிறார்கள் என்று எண்ணிக்கொண்டார் போலிருக்கிறது. பிறகு காவலாளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். படத்தைப் பார்த்தார். இப்படி ஓரடி நகர்ந்து பார்த்தார், அப்படி ஓரடி நகர்ந்து பார்த்தார். எங்கே நின்றாலும் அந்தக் கண்கள் அவர் மேலேயே இருந்தன.

"இனிமே எவனும் மட்டமான பீஸை இந்த வழியா வெளிய கொண்டுபோக முடியாது," என்றார்.

அப்புறம்தான் கை தட்டல், விசில், மேஜையில் ஸ்பேனரால் அடி. கூரைத் தகடே அதிர்ந்தது. அத்தான் திரும்பினார். தன்னைத் தானே பார்த்தார். முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவர் வேலையைச் சோதித்த அதே கண்ணால், குறை எங்கே என்று படத்தை மேலிருந்து கீழாக ஒரு தடவை, கீழிருந்து மேலாக ஒரு தடவை பார்த்தார். குறை கிடைக்கவில்லை. அன்றைக்குச் சிரித்த அதே மேனேஜர் வந்து நின்றார். நெடுநேரம் பார்த்தார். படத்தைப் பார்த்தா ஆளை முடிவு செய்தேன் என்று யாருக்கோ சொல்வதுபோல் மெல்லச் சொல்லி, அத்தான் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தான் அந்தக் கையைச் சீக்கிரம் விடவில்லை. சின்னவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

கூட்டம் கொஞ்சம் விலகியதும் அத்தான் அவள் பக்கத்தில் வந்தார். "அந்த டொக்குச் சத்தம்தானே?" என்றார்.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அவள் வாயைப் பிளந்தாள்.

"நான் செக்கர்ம்மா," என்றார் அவர். "ரெண்டு சத்தம் கேட்டா எது நிஜம்னு யோசிக்க மாட்டேனா? கொஞ்சம் லேட்டா யோசிச்சேன், நல்லவேளை."

அதற்குள் ஆளாளுக்குப் போனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். படத்துக்குக் கீழே அத்தானை நிறுத்தி, அக்காவை ஒரு பக்கம், சின்னவளை ஒரு பக்கம் நிறுத்தி, பத்துப் பதினைந்து பேர் எடுத்துத் தள்ளினார்கள். எடுத்ததைப் பார்த்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் அக்கா ஜம்மென்று நின்றாள், சின்னவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள், நடுவில் அத்தான் நின்றபடியே தூங்கினார். காவலாளி தயங்கித் தயங்கித் தன் போனை அவரிடம் நீட்டினார்.

அத்தான் அதை வாங்கிப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி ஆணியில் இருந்தவரைப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார், அப்படி அவர் சிரித்து அந்தப் பட்டறை கேட்டதே இல்லை.

"நான் தூங்கினா என்ன இப்ப?" என்றார். "அதான் மேல ஒருத்தன் முழிச்சிருக்கானே."